இரண்டு கிலோ ஈயம், நூறு புரட்டு, 5.7 பாகை

மூன்று கிழமையாக இழுபட்ட வேலை சென்ற சனிக்கிழமை முடிந்தது. ஒரு மீற்றர் நீளக் குழாய்க்குள் இரண்டு கிலோ ஈயமணிகளை இட்டு, இரு முனையையும் மூடி, நூறு தடவை தலைகீழாகப் புரட்டினோம். ஈயத்தின் வெப்பநிலை 26.0 பாகையிலிருந்து 31.7 பாகைக்கு ஏறியது. அடுப்பு வைக்கவில்லை, வெயிலில் காயவிடவில்லை, குழாயில் ஒருவருடைய கையும் படவில்லை. விழுந்து விழுந்தே ஈயம் சூடானது. கணக்கின்படி 6.35 பாகை ஏறியிருக்க வேண்டும். கணக்குக்கும் அளவுக்கும் இடையில் முதலில் இருந்த பெரிய இடைவெளியை இந்த 0.65 பாகைக்குக் குறைத்ததுதான் இந்த மூன்று கிழமையின் முக்கால்வாசி வேலை.

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். உயர்தரம் முதலாம் ஆண்டில் பௌதிகவியல் படிக்கும் பதினான்கு பிள்ளைகள். வெப்பவியக்கவியலின் விதிகளைக் கேட்டால் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவன், “சேர், சக்தி அழியாது என்றால் கிணற்றுக்குள் விழுந்த கல்லின் சக்தி இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். தண்ணீர் சூடாகியிருக்கும் என்றேன். “எவ்வளவு?” என்றான். எண்ணைக் கேட்கும் பிள்ளைக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும்.

தண்ணீரில் அளக்கலாமா என்று முதலில் கணக்குப் போட்டோம். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4186 யூல் தேவை; யூல் என்பது சக்தியின் அலகு. இரணைமடுக் குளத்தின் 36 அடி நீர்மட்டம் முழுவதையும் விழும் உயரமாக எடுத்தாலும் அந்தத் தண்ணீர் 0.03 பாகைகூடச் சூடாகாது. ஒரு பாகை வேண்டுமென்றால் 427 மீற்றர் விழ வேண்டும். வன்னியில் அப்படி ஓர் உயரம் ஏது? அந்த அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பிரெஸ்கொட் யூல் 1840-களில் தண்ணீரைத்தான் துடுப்பால் கலக்கி அளந்தார். ஒரு பரனைற்றுப் பாகைக்கும் குறைவான ஏற்றத்தை அளக்கக்கூடிய வெப்பமானி அவரிடம் இருந்தது. எங்களிடம் இல்லை. ஆனால் ஈயத்தின் தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்கத் தேவையான சக்தி, 128 யூல் மட்டுமே. அதே உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீரைவிட 33 மடங்கு கூடுதலாகச் சூடேறும். அதனால் ஈயம் என்று முடிவு செய்தோம்.

ஈயத்துக்கு எங்கே போவது என்ற பேச்சு எழுந்ததும் இரண்டு பையன்கள், காட்டுக்கரைப் பக்கம் நிலத்தில் நிறைய உலோகம் கிடக்கிறது, பொறுக்கி வருகிறோம் என்றார்கள். வகுப்பை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். எங்கள் மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. நிலத்தில் கிடக்கும் எந்த உலோகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவைத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன். இதைச் செய்துபார்க்க நினைக்கும் வேறு ஆசிரியர் யாராவது இருந்தால், முதற்படியாக இதைச் செய்யுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்தும் ஒரு பெரியவரிடம் ஈயம் கிடைத்தது. கரைவலைக்குக் கட்டுகிற பெரிய கட்டிகள் எனக்கு உதவாது. நந்திக்கடலில் இறால் வீசுகிற வீச்சுவலையின் ஓரத்தில் கோக்கும் சிறிய மணிகள், சோளமுத்தைவிடச் சற்றுப் பெரியவை, பழைய வலைகளிலிருந்து கழற்றியவை ஒரு தகரப்பேணி நிறைய இருந்தன. கிலோ 900 ரூபாய் சொன்னார். “எவ்வளவு வேண்டும் மாஸ்ரர்?” என்று கேட்டார். 400 கிராம் போதும் என்றேன். அந்தச் சிக்கனம்தான் முதற் பிழை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை சென்றது.

ஏன் 400 கிராம்? விழும் ஈயத்தின் சக்தி, திணிவையும் உயரத்தையும் ஈர்ப்பையும் பெருக்கி வருவது. சூடேறத் தேவையான சக்தியிலும் அதே திணிவு இருக்கிறது. இரண்டு பக்கமும் திணிவு வெட்டுப்பட்டுப் போகும். எவ்வளவு ஈயம் இட்டாலும் ஒரே வெப்பநிலை ஏற்றம்தான் வரும் என்று கரும்பலகையில் நானே எழுதிக் காட்டியிருந்தேன். அப்படியானால் குறைவாக வாங்குவதுதானே புத்தி என்று எண்ணினேன்.

குழாய் இரண்டு அங்குல பீ.வீ.சி.; கடையில் மிஞ்சிக் கிடந்த துண்டு. உள்நீளம் 103 சென்ரிமீற்றர் வரும்படி வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, இரண்டையும் பசை தடவி ஒட்டிவிட்டேன். ஒரு முனையிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப் பக்கச்சுவரில் ஒரு சிறிய துளை. ஈயமணியைவிடத் துளை சிறிது, வெப்பமானியின் நுனியைவிடச் சற்றுப் பெரிது. புரட்டும்போது துளையை நாடாவால் ஒட்டிவிட வேண்டும். புரட்டி முடிந்ததும் துளை உள்ள முனையைக் கீழே நிறுத்தி, நாடாவை உரித்து, வெப்பமானி நுனியை ஈயத்துக்குள் செருக வேண்டும். வெப்பமானி, மீன்தொட்டிக்கு என்று விற்கிறார்களே, கம்பி நீண்ட இலக்க வெப்பமானி, அதுதான். 750 ரூபாய். பத்தில் ஒரு பாகை வரை காட்டும்.

முதல் ஓட்டம். 400 கிராம் ஈயம் குழாயின் அடியில் இரண்டரை சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிட்டது. ஆகவே விழும் உயரம் கிட்டத்தட்ட ஒரு மீற்றர். நூறு புரட்டுக்கு 7.7 பாகை எதிர்பார்த்தோம். பிள்ளைகள் மாறி மாறிக் கையால் பிடித்துப் புரட்டினார்கள். ஏழு நிமிடம் எடுத்தது. வந்த ஏற்றம் 2.3 பாகை.

இங்கே வெப்பமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த 2.3 என்ற எண்ணையே முழுதாக நம்ப முடியவில்லை. செருகி இருபது விநாடியில் எண்ணைக் குறித்துக்கொண்டோம். மறுநாள் ஒரு மாணவி செருகிய கணத்திலிருந்து பத்து விநாடிக்கு ஒருதடவை எழுதிக்கொண்டே வந்தாள்: 29.0, 29.9, 30.6, 31.0, 31.2, 31.3, 31.3. ஒரு நிமிடம் கழிந்த பிறகுதான் எண் நின்றது. வெப்பமானி காட்டுவது ஈயத்தின் வெப்பநிலையை அன்று, தன்னுடைய வெப்பநிலையைத்தான். இரண்டும் ஒன்றாகும்வரை காத்திருந்தால்தான் அது ஈயத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து இரவல் வாங்கிய மதுசார வெப்பமானியையும் இதையும் ஒரே பானைத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்தபோது 0.8 பாகை வித்தியாசம் இருந்தது. எது சரி என்று தீர்க்க எங்களிடம் வழியில்லை; ஆனால் எங்களுக்கு வேண்டியது ஏற்றம் மட்டும் என்பதால், தொடக்கத்தையும் முடிவையும் ஒரே வெப்பமானியால், செருகி அறுபதாவது விநாடியில் எடுப்பது என்று விதி வைத்தோம். மூன்றாவது பொருள் ஒன்றோடு தனித்தனியே வெப்பச் சமநிலையில் இருக்கும் இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும்; பூச்சிய விதி என்று புத்தகத்தில் இரண்டு வரியில் இருப்பது இதுதான், வெப்பமானியை நம்பவைப்பதும் இதுதான். மற்ற விதிகள் எல்லாம் வந்து நிலைத்துவிட்ட பிறகு, 1930-களில்தான் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறதே என்று கண்டதால் சக்தி அழியாது என்கிற முதலாம் விதிக்கும் முன்னால் பூச்சியம் என்று இருத்த வேண்டியதாயிற்று. வகுப்பில் நான் எப்போதும் வேகமாகக் கடந்துபோகிற விதி அது. இனிமேல் அப்படிப் போகமாட்டேன்.

இரண்டாவது ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். வேகமாகப் புரட்டினால் வெப்பம் கசிய நேரம் இருக்காது என்று நான்கு நிமிடத்தில் முடிக்கச் சொன்னேன். குழாயை என் வீட்டு உள்ளறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன், தொடக்கம் 27.4. முடிவு 34.9. ஏற்றம் 7.5! எதிர்பார்த்தது 7.7. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருத்தி பலகையில் 97 சதவீதம் என்று எழுதிச் சுற்றி வட்டமும் போட்டாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே குழாய், அதே ஈயம், ஒரு கிழமைக்கு முன் 2.3. காத்திருக்கும் நேரமும் வேகமும் மட்டும் இவ்வளவு வித்தியாசத்தைத் தருமா? வியர்வையைத் துடைத்தபோதுதான் தலைக்கு மேல் இருந்த தகரம் நினைவுக்கு வந்தது. கொட்டகைக்குள் வெப்பநிலை 36 பாகை. அடுத்த நாள் அதே நேரம், அதே 27.4 பாகையில் குழாயைக் கொண்டுவந்து, அதே பிள்ளைகளை அதே நான்கு நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கச் சொன்னேன். ஒரு புரட்டும் இல்லை. ஏற்றம் 3.4 பாகை.

பலகையில் இருந்த வட்டத்தை அந்த மாணவியே அழித்தாள். முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஆனால் இந்த மூன்று கிழமையில் நான் மிகவும் மதிக்கும் அளவீடு அந்த 3.4 தான். எதிர்பார்த்த விடை வந்துவிட்டது என்பதற்காக அது சரியான விடை ஆகிவிடாது. சக்தி உள்ளே வருவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு: ஒன்று வேலை, மற்றது வெப்பம். வெப்பமானிக்கு எந்த வாசலால் வந்தது என்று தெரியாது. நாங்கள் அளக்க நினைத்தது வேலையை. அதை அளக்க வேண்டுமென்றால் வெப்பத்தின் வாசலை அடைத்தாக வேண்டும். முதலாம் விதியில் இரண்டு உறுப்புகள் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதன் பொருளைப் பிள்ளைகள் அன்றைக்குக் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

அடைக்கும் வேலை தொடங்கியது. முதலில் இடத்தை மாற்றினோம்: தகரத்தை விட்டு, பின்வளவில் மாமரத்துக்குக் கீழே கிடுகு வேய்ந்த சிறிய கொட்டிலுக்கு. காலை எட்டு மணியில் அங்கே 29 பாகை; ஒரு மணி நேரத்தில் அரைப் பாகைக்கு மேல் மாறாது. அடுத்தது கை. பிடித்த இடமெல்லாம் பிள்ளைகளின் உடற்சூடு குழாய்க்குள் போகிறது. சைக்கிள் திருத்தும் கடையில் பழைய முன்சில்லு ஒன்றின் நடுப்பாகத்தை, அச்சும் குண்டுகளும் உருளும் நிலையில், 300 ரூபாய்க்கு வாங்கினேன். உடைந்த வாங்கின் முதிரைச் சட்டங்கள் இரண்டைக் கால்களாக நிறுத்தி, அச்சை அவற்றில் முடுக்கி, குழாயின் நடுப்பகுதியை அந்த உருளையோடு சேர்த்துக் கட்டினேன். இரண்டு முனையிலும் தும்புக் கயிற்றில் ஒவ்வொரு வளையம். கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு, குழாய் அரைவட்டம் சுற்றி நிற்கும், ஈயம் ‘தொம்’ என்று விழும், மறு இழுப்பு. ஒரு புரட்டுக்கு இரண்டு விநாடி. ஈயம் சரிந்து வழுக்கி வராமல் விழ வேண்டும், அதுதான் முக்கியம். மெதுவாகப் புரட்டினால் குழாயின் சுவரை உரசிக்கொண்டு வந்து சுவரைச் சூடாக்கிவிடும்.

இதையெல்லாம் செய்தும் 400 கிராமோடு 4.2 பாகைக்கு மேல் ஏறவில்லை. இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள் ஓட்டம் முடிந்த கையோடு மூடியைத் தொட்டுப் பார்த்தேன். மூடி இளஞ்சூடாக இருந்தது. அங்கேதான் எனக்கு விளங்கியது. சமன்பாட்டில் திணிவு வெட்டுப்பட்டுப் போகிறது, உண்மை. ஆனால் சமன்பாட்டில் மூடி இல்லை. 400 கிராம் ஈயத்தை ஒரு பாகை சூடாக்க 51 யூல் போதும். நாற்பது கிராம் பிளாஸ்ரிக் மூடி ஒன்றை ஒரு பாகை சூடாக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவே வேண்டும். ஈயம் உழைத்துச் சேர்த்ததில் பாதியை மூடி பங்கு கேட்கிறது. ஈயத்தைக் கூட்டினால் மூடியின் பங்கு சிறுத்துப்போகும். கரும்பலகையில் திணிவுக்குக் கோடு போட்டு வெட்டியவன் நான். அந்தக் கோட்டை வகுப்புக்கு முன்னால் திரும்ப அழித்து, ஏன் அழிக்கிறேன் என்றும் சொன்னேன். பரீட்சைக் கேள்விகளில் “வெப்ப இழப்பைப் புறக்கணிக்க” என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குள் எவ்வளவு பெரிய மூடி ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீண்டும் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். இன்னும் 1.7 கிலோ. பெரியவர் ஒரு கைப்பிடி கூடுதலாகவே போட்டுத் தந்தார். வந்து குழாயைத் திறக்கப் பார்த்தால் இரண்டு மூடியும் ஒட்டியது ஒட்டியதுதான். இரும்பறுக்கும் வாளால் ஒரு முனையை அறுத்து எடுத்தேன். ஐந்து சென்ரிமீற்றர் நீளம் போயிற்று. புதிய மூடியை ஒட்டவில்லை. இறுக்கித் தள்ளி, மேலே நாடா சுற்றினேன். அதுவே தாங்கியது.

மூடிக்கும் ஈயத்துக்கும் இடையே ஏதாவது மெத்தை வைத்தால் மூடி தப்பும் அல்லவா? மீன் ஏற்றுகிற ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டி ஒன்றிலிருந்து வட்டம் வெட்டி உள்ளே வைத்தோம். முப்பதாவது புரட்டில் சத்தம் மாறியது. திறந்து பார்த்தால் ரெஜிபோம் நொறுங்கி வெள்ளைப் பொடியாகி ஈயத்தோடு கலந்துகிடந்தது. இரண்டு கிலோவையும் தாம்பாளத்தில் கொட்டி, காற்றில் புடைத்துப் பிரிக்க ஒரு மாலை போயிற்று. ரெஜிபோமை வெளியே குழாயைச் சுற்றிக் கட்டுங்கள், உள்ளே வைக்காதீர்கள். உள்ளே நின்றுபிடித்தது பழைய ரப்பர் செருப்பின் அடித்தோல். ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்பில் இரண்டு வட்டம். நூற்றுக்கணக்கான அடி வாங்கியும் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஈயம் நஞ்சு. மணிகள் உரசும்போது கறுப்புப் பொடி வரும், விரலில் மைபோல் ஒட்டும். குழாயைத் திறக்கும்போதெல்லாம் கையுறை; திறப்பது நான் மட்டும்; புடைத்ததும் நானே, மூக்கு வாயை மூடிக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று. முடிந்ததும் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியாக வேண்டும். அந்தத் தாம்பாளம் இனிச் சமையலறைக்குள் போகாது.

இப்போது உள்நீளம் 98, அதில் செருப்புக்கு 3, ஈயத்துக்கு 12 போக விழும் உயரம் 83 சென்ரிமீற்றர். நூறு புரட்டுக்கு 6.35 பாகை வர வேண்டும். சூழலின் 29.0 பாகையில் தொடங்கினோம். வந்தது 5.1.

பாதையில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தது. மீதி எங்கே? ஈயம் சூழலைவிடச் சூடாகிக்கொண்டே போகிறது, ஆகவே தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெப்பம் வெளியே மட்டும்தான் ஒழுகுகிறது. இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. பீரங்கி துளைக்கும் வேலையில் உராய்வால் மட்டுமே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டி, அதை 1798-இல் வெளியிட்ட ரம்போட் பிரபு கையாண்டது அது: சூழலைவிட எவ்வளவு மேலே முடியப்போகிறதோ, அவ்வளவு கீழே தொடங்கு. முதற் பாதியில் உள்ளே வரும் வெப்பம் பிற்பாதியில் வெளியே போவதை ஈடுசெய்யும். நாங்கள் 26 பாகையில் தொடங்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் இரண்டு கிலோ ஈயத்தை மூன்று பாகை இறக்குவது எப்படி? ஆவணி மாதம் வன்னியில் சோளகம் வீசும். காய்ந்த காற்று, காலையில் கொடியில் போட்ட சாரம் ஒரு மணி நேரத்தில் மொடமொடக்கும். ரெஜிபோமைக் கழற்றிவிட்டு, குழாயை நனைத்த பருத்திச் சேலைத் துண்டால் சுற்றி, காற்றுப் படும் இடத்தில் தொங்கவிட்டோம். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தோம். ஒன்றரை மணி நேரத்தில் 26.0. சூழல் 29.0. தண்ணீர்ப் பானை குளிர்வதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான், ஆனால் எண்ணாகப் பார்த்ததும் வியந்தார்கள். “வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும் என்றீர்களே சேர், இது காற்றைவிடக் குளிர்ந்துவிட்டதே” என்றாள் ஒருத்தி. நல்ல கேள்வி. துணியில் இருந்த தண்ணீர் ஆவியாகிக் காற்றெங்கும் பரவிப் போயிற்று. குளிர்ச்சிக்கு அது கொடுத்த விலை. துணி காய்ந்ததும் குளிர்வதும் நின்றது. ஒரு இடத்தில் ஒழுங்கு கூடியிருக்கிறது என்றால் பக்கத்தில் எங்கேயோ அதைவிடக் கூடுதலாகச் சிதறியிருக்கும், தேடிப் பார் என்றேன்.

துணியை அவிழ்த்து, குழாயைத் துடைத்து உலர்த்தி, ரெஜிபோமைச் சுற்றி, தாங்கியில் ஏற்றினோம். 26.0. நூறு புரட்டு, மூன்று நிமிடம் இருபது விநாடி. துளையைத் திறந்து, செருகி, அறுபது விநாடி எண்ணினோம். 31.7. மறுநாள் ஒன்றும் அதற்கு மறுநாள் ஒன்றுமாகத் திரும்பச் செய்தோம்: 5.6, 5.8. சராசரி 5.7. இதைத் திருப்பிப் போட்டால் ஈயத்தின் தன்வெப்பக் கொள்ளளவு 143 என்று வருகிறது. புத்தகம் 128 என்கிறது. மண்வீட்டு முற்றத்தில், வலை ஈயத்தையும் செருப்பையும் வைத்து, 12 சதவீத வழு. எனக்கு நிறைவு.

50 புரட்டில் 3.0, 200 புரட்டில் 10.3 என்றும் எடுத்தோம். 200-க்கு 12.7 வந்திருக்க வேண்டும். வரைபுத்தாளில் கோடு மேலே போகப் போகச் சாய்கிறது. சூடு கூடக் கூடக் கசிவும் கூடுகிறது. அந்தச் சாய்வைப் பிள்ளைகள் ஒரு குறையாகப் பார்க்காமல் தனி அளவீடாகவே பார்த்தார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி.

நூறு புரட்டுக்கு நாங்கள் ஈயத்துக்குக் கொடுத்த சக்தி மொத்தம் 1627 யூல். ஒரு தேக்கரண்டிச் சீனியில் ஏறத்தாழ நாற்பது ஓட்டத்துக்கான சக்தி இருக்கிறது. இதைச் சொன்னபோது புரட்டிக் களைத்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பையன் கோப்பைக்குள் உற்றுப் பார்த்தான்.

செலவு: குழாய் 450, மூடிகள் இரண்டு 360, அறுத்ததற்குப் பதிலாக வாங்கியது 180, ஈயம் 2.1 கிலோ 1890, வெப்பமானி 750, சைக்கிள் பாகம் 300, திருகாணிகள் 220, நாடா 150, கையுறை 200. ஆக 4500 ரூபாய், பஸ் கட்டணம் நீங்கலாக. ஈயம் தீர்ந்துபோகாது, வருடா வருடம் இதே ஈயத்தைப் பயன்படுத்தலாம்.

அடுத்த முறை குழாயை மாற்றுவேன். நான் வாங்கியது அழுத்தம் தாங்கும் தடித்த சுவருடையது. அதன் சுவரே ஏராளமான வெப்பத்தை விழுங்குகிறது. கழிவுநீருக்குப் போடுகிற மெல்லிய சுவர்க் குழாய் போதும், விலையும் குறைவு. ஈயம் மூன்று கிலோவாக்குவேன். அதற்குமேல் போனால் விழும் உயரம் குறைந்துவிடும், சைக்கிள் அச்சும் தாங்காது. மூடிகளை முதல்நாளே ஒட்டமாட்டேன். எல்லாவற்றுக்கும் முதலில், புரட்டாமல் சும்மா வைத்து ஓர் ஓட்டம் எடுப்பேன். தனிப்பூச்சியத்தை, அதாவது இயலக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையை, எட்ட முடியாது என்கிற மூன்றாம் விதியை இந்தக் குழாயால் காட்ட முடியாது. தனிப்பூச்சியம் எங்கள் கொட்டிலிலிருந்து முந்நூறு பாகை கீழே இருக்கிறது. ஈரச்சேலை மூன்று பாகைக்குத்தான் உதவும்.

சனிக்கிழமை ஓட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும் நேரத்தில், வெப்பமானியைப் பத்து விநாடிக்கு ஒருதடவை எழுதிய அதே மாணவி, பலகையில் ஒரு கணக்கை எழுதிவைத்தாள். 128-ஐ 9.8-ஆல் பிரித்திருந்தாள். 13 மீற்றர். “சேர், இந்த ஈயம் ஒரு பாகை குளிர்ந்து, அந்தச் சக்தியை எடுத்துக்கொண்டால் 13 மீற்றர் மேலே பாயலாம். ஏறிய 5.7 பாகையையும் திருப்பிக் கொடுத்தால் 74 மீற்றர். மூன்று பனை உயரம். முதலாம் விதி தடுக்கவில்லையே. ஏன் பாயவில்லை?”

நான் விடை சொல்லவில்லை. குழாயைத் தாங்கியில் நிமிர்த்தி, வெப்பமானியைச் செருகியபடியே விட்டு, ரெஜிபோமைக் கழற்றச் சொன்னேன். பாயும் என்றால் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் 31.0. அரை மணியில் 29.9. ஈயம் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அவள் கணக்கின்படி அதற்குள் 20 மீற்றருக்கு மேல் பாய்ந்திருக்க வேண்டும். ஒரு ஈயமணியும் அசையவில்லை. போன சக்தி குழாய்க்கும் கொட்டிலுக்கும் மாமரத்துக்கும் காற்றுக்குமாகப் பிரிந்து, எங்கும் உணர முடியாத அளவு மெலிந்துபோய் இருந்தது. ஒரு யூலும் அழியவில்லை. ஆனால் எந்தக் கையாலும் அதைத் திரும்ப ஒன்றாகக் கூட்டி ஈயத்துக்கு அடியில் வைக்க முடியாது. ஜெர்மன் பௌதிகவியலாளர் குளோசியஸ் 1865-இல் எந்திரப்பி (entropy) என்ற பெயரை, சக்தி இப்படிச் சிதறிப்போவதன் அளவுக்குத்தான் வைத்தார் என்று மட்டும் சொன்னேன். வேதியியல் ஆசிரியர் கற்பித்த அதுவா என்று இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருட்டியதும் பிள்ளைகள் போய்விட்டார்கள். குழாயை அப்படியே விட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவள் தம்பியையும் அழைத்துக்கொண்டு சைக்கிளில் வந்து நின்றாள், எண்ணைப் பார்க்க. ஈயம் 25.2. மதுசார வெப்பமானியில் கொட்டிலின் காற்று, 0.8 வித்தியாசத்தைக் கழித்த பிறகு, 25.2. கொப்பியில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நேரத்தையும் குறித்துக்கொண்டு போனாள்.